மூன்று செங்கல் மாடன்

கோவில்பட்டி ஓடையைப் பற்றிப் பேசாத கட்சி கிடையாது. பேசி முடித்த கட்சியும் கிடையாது. ஓடையை மூடி மேலே பஸ் ஸ்டாண்டு கட்டுவோம் என்று ஒரு கட்சி சொன்னது. தூர்வாரிப் படகு விடுவோம் என்று இன்னொரு கட்சி சொன்னது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் ஓடும். மற்ற மாதமெல்லாம் சாக்கடையும் பன்றியும் தீப்பெட்டி ஆபீஸ்களின் கழிவுக் குச்சியுமாகக் கிடக்கும். அதில் படகு விடுவதென்றால் படகைத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்க ஆள் பிடிக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு கட்சி வந்து, கரையில் கடை போட்டிருக்கிற அத்தனை பேருக்கும் பட்டா தருகிறோம் என்று கும்பிட்டது. ஓட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

முப்பது வருசமாக இதே அரைத்த மாவுதான். நடுநடுவே அடிக்கல் நாட்டு விழா வேறு. மேளம், பந்தல், துண்டு, மாலை எல்லாம் வந்து போகும். கல் மட்டும் மிஞ்சும். அப்படி மிஞ்சின கல்லில் ஒன்றைக் கோபாலசாமி தன் டீக்கடையில் பெஞ்சாகப் போட்டிருந்தார். கல்லில் வெட்டியிருந்த பெரிய மனிதரின் பேர் மேல் உட்கார்ந்துதான் ஜனங்கள் டீ குடித்தார்கள். அந்தப் பெரிய மனிதர் ஊருக்குச் செய்த உபகாரம் அது ஒன்றுதான் என்று கோபாலசாமி சொல்லுவார்.

டீக்கடைக்கு அடுத்தது பூவனலிங்கத்தின் கயிற்றுக்கடை. தகரக் கொட்டகை. கிணற்றுக்குத் தாம்புக்கயிறு, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, குட்டி கட்டப் பிடிகயிறு, கழுத்துமணி, சாட்டை, சாக்கு, எல்லாம் கிடைக்கும். பசுவந்தனை பக்கத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரிகளும் ஆடு மேய்க்கிறவர்களும் சந்தைக்கு வந்தால் அங்கே ஏறாமல் போக மாட்டார்கள். வரிசையில் இருந்த மற்றக் கடைகளுக்கு இல்லாத ஒன்று அந்தக் கடைக்கு இருந்தது. அதன் முகப்பில் ஒரு சாமி இருந்தது.

சாமி வந்த கதை சிரிப்பாணிக் கதைதான். எழுபதுகளின் தொடக்கத்தில் ஓடைக்கரையை முதல் தடவையாக அளக்க வந்தார்கள். சங்கிலி பிடித்து ஒவ்வொரு கடையாக அளந்துகொண்டே வந்தவர்கள் நாளைக்கு நம் கடைக்கு வந்துவிடுவார்கள் என்றதும் பூவனலிங்கத்தைப் பெற்ற அய்யா ராத்திரியோடு ராத்திரியாக ஒரு வேலை செய்தார். வீடு கட்ட வாங்கிப் போட்டிருந்த செங்கலில் மூன்றை எடுத்துவந்து கொட்டகை முகப்பில் நட்டார். பூவனலிங்கம் சுண்ணாம்பு கரைத்துக் கொடுத்தார். அய்யா வெள்ளையடித்து, மஞ்சனைச் சாந்து பூசி, ஒரு அரளி மாலையும் போட்டு முடித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். அசல் மாடன் கோயிலில் சாமியாக நிற்கிற பூடம் மாதிரியே இருந்தது. மறுநாள் சங்கிலிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்கள். என்ன சாமி என்று கேட்டதற்கு மாடன் என்றார் அய்யா. எத்தனை காலமாக இருக்கிறது என்றதற்கு எங்கள் தாத்தா காலத்திலிருந்தே என்றார். அவர்கள் விபூதி பூசிக்கொண்டு அடுத்த கடையை அளக்கப் போய்விட்டார்கள்.

அய்யா அதோடு விட்டிருந்தால் அந்தச் செங்கல் வெறும் செங்கலாகவே இருந்திருக்கும். விடாதது சாமிதான், அல்லது சுடலைமணிதான். இரண்டில் எது என்று பூவனலிங்கத்துக்கு இன்றைக்கு வரைக்கும் பிடிபடவில்லை.

சுடலைமணி ஆடு மேய்க்கிறவன். பூவனலிங்கத்தை விட நாலைந்து வயசு இளையவன். வாய் திறந்து பேசத் தெரியாதவன் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். கயிறு வாங்க வந்தால் என்ன கயிறு என்று கையால் தொட்டுக் காட்டுவான், அவ்வளவுதான். ஒரு பங்குனி மத்தியானம் அய்யா அவனுக்குக் கயிறு முழம் போட்டுக்கொண்டிருக்கும்போது அவன் நின்ற நிலையிலேயே சரிந்தான். தண்ணீர் கொண்டுவர ஓடுவதற்குள் எழுந்துவிட்டான். எழுந்தவன் பழைய சுடலைமணி இல்லை. கயிற்றை அய்யா கையிலிருந்து பிடுங்கித் தன் முதுகிலேயே அடித்துக்கொண்டு ஆடினான். அந்தத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"ஏலே, எனக்குக் கொடை குடுக்காம இன்னும் எத்தன நாளு ஏமாத்துவ?" என்று அய்யாவைப் பார்த்துக் கேட்டான்.

அய்யா ஆடிப்போய்விட்டார். ஏமாற்றியது உண்மைதானே. அந்த வருசமே மாடனுக்குக் கொடை விழா நடந்தது. அதற்கப்புறம் வருசா வருசம் பங்குனியில் மேளமும் உருமியும் வைத்து மத்தியானக் கொடை. பொங்கல் வைக்கிறவர்கள் கூடிப்போனார்கள். ஆடு காணாமல் போனவர்கள், பிள்ளை இல்லாதவர்கள், காய்ச்சல் விடாதவர்கள் எல்லாரும் வந்தார்கள். வேண்டுதல் பலித்தவர்கள் மணியும் கயிறும் கொண்டுவந்து கட்டினார்கள். சில பேர் பூவனலிங்கத்திடமே வாங்கிப் பூவனலிங்கத்தின் கொட்டகையிலேயே கட்டிவிட்டுப் போனார்கள்.

மற்ற நாளில் சுடலைமணியைக் கிடை போடக் கூப்பிடுகிற நிலக்காரர்கள் 'ஏலே' என்றுதான் கூப்பிடுவார்கள். அறுப்பு முடிந்த கரிசல் காட்டில் உரத்துக்காக ஆடுகளை ராத்தங்க விடுவதுதான் கிடை. ஒரு இடத்தில் நாலு நாள், அடுத்த காட்டில் நாலு நாள் என்று அவன் பிழைப்பு. கொடை அன்றைக்கு மட்டும் அதே நிலக்காரர்கள் சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவன் முன்னால் நிற்பார்கள். அவன் 'ஏலே' என்பான். அவர்கள் தலையைக் குனிந்து திருநீறு வாங்குவார்கள். வருசத்தில் அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாளையெல்லாம் சுடலைமணி பொறுத்துக்கொள்கிறான் என்று பூவனலிங்கம் நினைத்துக்கொள்வார்.

உண்மையை அவனிடம் யாரும் சொன்னதில்லை. அய்யா சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். பூவனலிங்கம் சொல்லாமலே இருந்துவிட்டார். சொல்லுவதற்கு ஒரு சந்தர்ப்பம் வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அது பாதி உண்மை. மகள் யோகலட்சுமிக்குச் சின்ன வயசில் மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கையை விரித்தபோது, பூவனலிங்கம் நேரே வந்து விழுந்தது அந்த மூன்று செங்கல்லின் முன்னால்தான். சுண்ணாம்பு கரைத்த அதே கையைக் கூப்பிக்கொண்டு அழுதார். சுடலைமணி ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு ஓடிவந்து, ஆடி, 'பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது' என்று நெற்றியில் பூசிவிட்டான். பிள்ளை பிழைத்துவிட்டாள். இப்போது புதியம்புத்தூரில் வாக்கப்பட்டு நைட்டி தைத்துக்கொண்டிருக்கிறாள். அதற்கப்புறம் எந்த வாயால் போய் அது செங்கல் என்று சொல்வது?

அதுவும் போக, சாமியால் காரியம் நடந்துகொண்டிருந்தது. தொண்ணூறுகளில் ஒரு தடவை கடைகளை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்து, எல்லாரும் கோர்ட்டுக்குப் போனார்கள். மற்றவர்கள் பிழைப்பு போய்விடும் என்று சொல்லிப் பார்த்தார்கள். பூவனலிங்கத்தின் வக்கீல் புத்திசாலி. அங்கே கடையே இல்லை, கோயிலும் அதன் கொட்டகையும்தான் இருக்கிறது, தொங்குகிற கயிறெல்லாம் பக்தர்கள் நேர்ச்சை என்று சொல்லச் சொன்னார். பூவனலிங்கம் சொன்னார். அதற்குச் சாட்சியாகச் சுடலைமணியும் வந்து கூண்டில் ஏறி, 'எம்மேல வார சாமி அது' என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னான். வழிபாட்டில் கை வைக்கக் கூடாது என்று வரிசை முழுவதையும் இடிக்கத் தடை கிடைத்தது. வக்கீலின் சாமர்த்தியத்தை வரிசையே மெச்சியது.

இரண்டாயிரத்து மூன்றில் நிஜமாகவே வந்துவிட்டார்கள். முதலில் யாரும் நம்பவில்லை. மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டபோது நம்பவில்லை. குழி தோண்டி மண் எடுத்துப் பார்த்தபோதும் நம்பவில்லை. ஓடையின் இரண்டு பக்கமும் கற்சுவர், கரை நெடுக நடைபாதை, விளக்கு, பெஞ்சு, புங்க மரம் என்று ஒரு பெரிய பிளெக்ஸ் போர்டு வைத்தார்கள். அந்தப் படத்தில் நீலத் தண்ணீர் ததும்பியது. பக்கத்தில் கோட்டு போட்ட ஆண்களும் பலூன் பிடித்த குழந்தைகளும் நடந்து போனார்கள். அவர்களில் ஒருவரைக்கூட யாரும் கோவில்பட்டியில் பார்த்ததில்லை.

முப்பது வருசம் கொடி பிடித்து, ரோட்டில் உட்கார்ந்து, கடையடைத்து எதிர்த்த வியாபாரிகள் சங்கம் ஒரே கூட்டத்தில் சரி என்று சொல்லிவிட்டது. எதிர்க்க யாருக்கும் தெம்பில்லை. எதையாவது செய்து தொலையுங்கள், எங்களுக்கு வயசாகிவிட்டது என்று கோபாலசாமி எழுந்து நின்று சொன்னார். அதற்குத்தான் அன்றைக்குக் கை தட்டினார்கள். கடையை இழக்கிறவர்களுக்குப் புதிதாகக் கட்டியிருக்கிற வணிக வளாகத்தில் ஆளுக்கொரு கடை என்று உத்தரவாதம் கிடைத்தது. குலுக்கல் முறையில் கொடுப்பார்கள்.

பூவனலிங்கம் பேர் கொடுக்கப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது. விசாரணை அதிகாரி சின்ன வயசுப் பெண். மரியாதையாக உட்காரச் சொல்லி, பொறுமையாகச் சொன்னார். அந்த இடத்தில் கடை இருந்ததே இல்லை என்று நீங்களே கோர்ட்டில் சொல்லியிருக்கிறீர்கள். இல்லாத கடைக்குப் பதில் கடை எப்படிக் கொடுப்பது? ஆனால் கோயிலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நடைபாதையின் கிழக்கு முனையில் டைல்ஸ் ஒட்டி ஒரு நல்ல பூடம் கட்டித் தருவோம் என்றார்.

பூவனலிங்கம் இரண்டும் வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார். அது முடியாது என்றார் அந்த அம்மா. ஒரே இடம் கோயிலாகவும் கடையாகவும் இருக்க முடியாது. கடைதான் என்றால், அன்றைக்குக் கோயில் என்று சாட்சி சொன்ன இருவரும் விசாரணையில் வந்து, அது கோயில் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். நாளைக்கு யாராவது சாமியை இடித்துவிட்டார்கள் என்று கூட்டம் கூட்டினால் பதில் சொல்ல வேண்டியது நான்தானே என்றும் சொன்னார். அதில் ஒன்றும் தப்பிருப்பதாகப் பூவனலிங்கத்துக்குத் தெரியவில்லை. தப்பெல்லாம் அவர் பக்கமே இருந்தது.

வீட்டில் பெண்டாட்டி கிருஷ்ணவேணிக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றே புரியவில்லை. செங்கல்லைச் செங்கல் என்று சொல்ல இவ்வளவு யோசனையா என்று கேட்டாள். மூட்டு வலியோடு இந்த வயசில் யாரிடம் போய்க் கணக்கெழுத உட்காருவீர்கள், கயிற்றைத் தவிர உங்களுக்கு என்ன தெரியும் என்றும் கேட்டாள். அவள் கேட்டது அவ்வளவும் நியாயம்.

"மாடன் நமக்குச் சோறு போட்டாருன்னா, கடைசியா ஒருவேளச் சோறு போடட்டும். சொல்லிட்டு வாங்க" என்றாள்.

சுடலைமணி அப்போது பசுவந்தனைக்கு அந்தப் பக்கம், உளுந்து பிடுங்கின காட்டில் கிடை போட்டிருந்தான். டவுன் பஸ்ஸில் இறங்கிக் கரிசல் தடத்தில் நடந்து போகும்போதே பூவனலிங்கம் சொல்ல வேண்டியதைக் கட்டி அடுக்கிக்கொண்டார். அய்யா செய்தது, ஏன் செய்தார், அதனால் உன் மேல் வந்தது பொய் என்று ஆகாது, இப்படி. தை மாசத்து வெயிலுக்கே மண் வெடிக்க ஆரம்பித்திருந்தது. செருப்பு வெடிப்பில் மாட்டி மாட்டி இழுத்தது.

அவரைப் பார்த்ததும் சுடலைமணி எழுந்து ஓடிவந்தான். வேப்பமரத்து நிழலில் சாக்கை விரித்துப் போட்டு, ஆட்டுப்பாலில் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தான். அதற்குள்ளேயே அவன் காதுக்கும் செய்தி வந்திருந்தது. ஆனால் வந்தது பாதிச் செய்தி. கிழக்கு முனையில் பூடம் கட்டப் போகிறார்கள், டைல்ஸ் ஒட்டுவார்களாம், பக்கத்திலேயே ஒரு குழாயும் போட்டுத் தரச் சொல்லிக் கேட்கலாமா என்று அவன் கேட்டான். இத்தனை வருசத்தில் அவன் அவ்வளவு பேசிப் பூவனலிங்கம் கேட்டதில்லை. தேரிச் செம்மணல் நிறத்தில் டைல்ஸ் கிடைக்குமா என்று வேறு கேட்டான். மாடனுக்கு அந்த நிறம்தான் எடுப்பாக இருக்கும் என்றான்.

கட்டி அடுக்கி வைத்ததெல்லாம் காப்பியோடு உள்ளே போய்விட்டது. பூவனலிங்கம் மென்று விழுங்கி, விசாரணைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது, வந்துவிடு என்று மட்டும் சொன்னார். என்ன வார்த்தை என்று அவன் கேட்கவில்லை. "நீங்க சொல்லுத மாதிரி சொல்லிருதேன் அண்ணாச்சி" என்றான். திரும்பி நடக்கும்போது பூவனலிங்கத்துக்கு அய்யாவின் மேல் கோபம் வந்தது. செத்துப்போனவர் மேல் கோபப்பட்டு என்ன செய்வது. ஒரு கடையைக் காப்பாற்ற ஒரு மனுசன் நட்டுவைத்தது, இன்னொரு மனுசனுக்குள் இவ்வளவு ஆழமாக வேர் விட்டு நிற்கிறதே என்று அலுப்பாக இருந்தது.

விசாரணை அன்றைக்குச் சுடலைமணி சலவை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்திருந்தான். ஓடைக்கரைக் கடைக்காரர்கள் எல்லாரும் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். கட்சிக்காரர்கள் சிலரும் ஓரமாக நின்றார்கள். பூவனலிங்கம் பேர் வந்ததும் இருவரும் எழுந்து போனார்கள். சுடலைமணி ஒரு அடி பின்னால் நின்றுகொண்டான். அதிகாரி பழைய சங்கதியையெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அது கோயிலா கடையா என்று கேட்டார்.

"கடைதாம்மா" என்றார் பூவனலிங்கம்.

"அப்ப அந்தப் பூடம்?"

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவர் நினைத்துக்கொண்டார். மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எங்க அய்யா வச்சதும்மா. அளக்க வந்தவிய கடையில கை வைக்கக் கூடாதுன்னு வச்சாரு. வீட்டுக்கு வாங்கின செங்கல்லுதான். மூணு செங்கல்லு. நாந்தான் சுண்ணாம்பு கரைச்சேன்."

பெஞ்சில் ஒருத்தர் சிரித்தார். அது பரவிவிட்டது. முப்பது வருசம் அந்தப் பூடத்தில் திருநீறு பூசிக்கொண்டு கடை திறந்தவர்கள்தான் எல்லாரும். கோபாலசாமி மட்டும் சிரிக்காமல் சுடலைமணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி சிரிப்பை அடக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று சுடலைமணியிடம் கேட்டார். அவன் பூவனலிங்கத்தின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த அம்மா இன்னொரு தடவை கேட்டார். இவர் சொல்கிறது உண்மையா, நீங்கள்தானே சாமியாடுகிறவர் என்றார்.

"அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான் சுடலைமணி. "அவிய கடை. அவியளுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுது?"

காட்டின இடத்தில் பெருவிரலை வைத்தான். மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு வெளியே போனான். பூவனலிங்கம் பின்னாலேயே போனார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இருவரும் சேர்ந்துதான் நடந்தார்கள். ஒரு காப்பி குடித்துவிட்டுப் போகலாம் என்று அவர் கூப்பிட்டதற்கு, ஆடு தனியாகக் கிடக்கிறது என்றான். பஸ் வந்தது, ஏறிக்கொண்டான். அவன் இரண்டு வார்த்தை வைதிருந்தால் பூவனலிங்கம் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சோறு தின்றிருப்பார். வையவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. இந்த வயசில் இப்படி ஒரு வெட்கம் வரும் என்று அவர் நினைக்கவில்லை.

குலுக்கலில் பூவனலிங்கத்துக்கு மாடியில் கடை விழுந்தது. மூட்டு வலிக்காரருக்கு மாடி. சந்தைக்கு வருகிற சம்சாரி தாம்புக்கயிறு வாங்கப் படி ஏறி வருவான் என்று நம்புவதற்கு ரொம்ப நல்ல மனசு வேண்டும். கீழ்க்கடை விழுந்தவர்களிடம் மாற்றிக்கொள்ளக் கேட்டுப் பார்த்தார். எல்லாரும் பார்க்கலாம் என்றார்கள். கிருஷ்ணவேணி ஏதோ ஒன்று கிடைத்ததே என்று தேங்காய் உடைத்தாள். அவளை நிமிர்ந்து பார்க்காமல் அவர் சில்லு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

பங்குனி வந்தது. கொடை இல்லை. ஏன் என்று கேட்டு வந்தவர்களிடம், இடிக்கப் போகிற இடத்தில் எப்படி நடத்துவது என்று பூவனலிங்கம் பொதுவாகச் சொல்லி அனுப்பினார். சிலர் பூடத்தில் சூடம் கொளுத்திவிட்டுப் போனார்கள். விசாரணையில் நடந்தது ஊருக்கெல்லாம் தெரியும், தெரிந்துகொண்டேதான் கொளுத்தினார்கள். சுடலைமணி அதற்கப்புறம் கயிறு வாங்கக்கூட வரவில்லை. கயிறு அறுந்தால் என்ன செய்கிறானோ என்று பூவனலிங்கம் நினைத்துப் பார்த்தார். போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தார். ஒரு வாரமும் போகவில்லை.

சித்திரை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று காலையிலேயே ஜேசிபி கொண்டுவந்துவிட்டார்கள். வரிசையின் மேற்குக் கோடியிலிருந்து தொடங்கியது. முப்பது வருசம் பேசின பேச்சுக்கு, இடிக்க ஒரு காலை நேரம் போதுமானதாக இருந்தது. தகரமெல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி மடிந்தது. ஒருத்தரும் அழவில்லை, ஒருத்தரும் மறிக்கவில்லை. சாமான்களை முந்தின நாளே ஏற்றி அனுப்பிவிட்டு, எதிர்ச்சாரியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கோபாலசாமி தன் அடிக்கல் பெஞ்சை என்ன செய்வது என்று தெரியாமல் அதன் மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு எழுந்துகொண்டார்.

பூவனலிங்கத்தின் கொட்டகையும் விழுந்தது. பூடத்தின் முன்னால் வந்ததும் ஜேசிபி நின்றது. டிரைவர் சாத்தூர்ப் பக்கத்து ஆள். இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிப் போட்டான். இதில் நான் கை வைக்க மாட்டேன் என்றான். மேற்பார்வையாளர் வந்து, இது கோயில் இல்லை என்று விசாரணையில் முடிவாகிவிட்டது, தாள் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார்.

"தாள்ல இல்லன்னா என்ன சார், இங்கன இருக்கே" என்றான் டிரைவர்.

எல்லாரும் பூவனலிங்கத்தைப் பார்த்தார்கள். உங்கள் அய்யா வைத்ததுதானே, நீங்களே எடுத்துவிடுங்கள் என்றார் மேற்பார்வையாளர். அதில் நியாயம் இருந்தது. பூவனலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். குனிந்தார். வருசக்கணக்கில் பூசின மஞ்சனையும் சந்தனமும் எண்ணெயும் ஏறி, அந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டி, செங்கல் என்றே சொல்ல முடியாமல் இருந்தது. அதிகாரியின் முன்னால் அவ்வளவு சுலபமாகச் சொன்னவர், இப்போது கையை நீட்டினார், கை போகவில்லை. யோகலட்சுமி காமாலையில் கிடந்த முகம் ஞாபகத்துக்கு வந்தது. மூட்டு வலி என்று சொல்லிக்கொண்டு நிமிர்ந்தார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சுடலைமணி வந்தான். அவன் எப்போதிலிருந்து அங்கே நிற்கிறான் என்று யாருக்கும் தெரியாது. மெலிந்திருந்தான். பூவனலிங்கத்தைத் தாண்டிப் போய் பூடத்தின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். ஆடுகிற ஆளைப் பார்க்கப் போகிறோம் என்று கூட்டம் ஒரு எட்டுப் பின்னால் போனது. அவன் ஆடவில்லை. அடியில் விரலைக் கொடுத்து மண்ணைப் பறித்தான். முதல் கல்லை அசைத்து அசைத்துப் பிடுங்கினான். பிறகு இரண்டாவது, மூன்றாவது. சமையற்கட்டில் அடுப்புக் கல்லை எடுத்து வைக்கிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வைத்தான்.

ஒரு கல்லை மடியில் போட்டுத் தோள்துண்டால் அழுத்தித் துடைத்தான். மஞ்சனை உதிர்ந்தது, சந்தனம் பொடிந்தது, அதன் கீழே சுண்ணாம்பு பேர்ந்தது. அடியில் செம்மண் நிறம் தெரிந்தது. சூளைக்காரன் அச்சில் குத்தின எழுத்துக்கூடத் தேயாமல் இருந்தது. அதைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, தலையைத் தூக்கிப் பூவனலிங்கத்தைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை.

"செங்கல்லுதான் அண்ணாச்சி" என்றான். "நீங்க சொன்னது சரிதான்."

பூவனலிங்கம் அவன் பக்கத்தில் உட்காரப் பார்த்தார். என்னை மன்னித்துவிடு என்றோ, அய்யாதான் அப்படிச் செய்தார் என்றோ, ஏதோ ஒன்று வாய் வரைக்கும் வந்தது. சுடலைமணி அதற்கு இடம் கொடுக்கவில்லை. நிசமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி, மெதுவாக, இவருக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டான்.

"அப்ப இம்புட்டு வருசமா எம்மேல வந்தது யாரு அண்ணாச்சி?"

டிரைவர் ஏறி உட்கார்ந்து இஞ்சினைப் போட்டான். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று மேற்பார்வையாளர் கையைக் காட்டினார். பூவனலிங்கம் தள்ளி நின்றார். சுடலைமணி கல்லை மடியில் வைத்துக்கொண்டு, பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.